தழும்பு விழுந்த கண்ணும் தப்பியிருக்கும் கண்ணும்

கேள்வி: என் மகனுக்கு வயது 21. கெரட்டோகோனஸ் என்று சொல்லியிருந்தார்கள். சென்ற வருடம் இடது கண் திடீரென வெளுத்து, வலியும் கண்ணீருமாக இருந்தது. மருந்து ஊற்றிச் சில மாதங்களில் தணிந்தாலும், நடுவில் ஒரு வெள்ளைத் தழும்பு நின்றுவிட்டது. அதைக் கரைக்க மருந்து உண்டா, கண்ணையே மாற்ற வேண்டுமா? வலது கண்ணுக்கும் கண்ணாடி நம்பர் அடிக்கடி மாறுகிறது.
- ஒரு தாய், களுவாஞ்சிகுடி

பதில்: அம்மா, அவசரம் வலது கண்ணில்தான் இருக்கிறது. இந்நோயில், கண்ணின் முன்புறம் கண்ணாடி போல் தெளிவாக இருக்கும் விழிவெண்படலம் மெலிந்து கூம்பாக முன்தள்ளும். அது முற்றுவதற்கு முன், ரைபோபிளவின் சொட்டு மருந்து விட்டுப் புறஊதாக் கதிர் பாய்ச்சும் கிரொஸ் லிங்கிங் சிகிச்சையால் பெரும்பாலும் நிறுத்திவிடலாம். வழமையான முறைக்குப் படலத்தில் 400 மைக்ரோன் (0.4 மில்லிமீற்றர்) தடிப்பாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்பதால், மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையின் கண் பிரிவில் காட்டி, படலத்தை அளக்க எங்கே அனுப்புவார்கள் என்று இம்மாதமே கேளுங்கள். கண்ணாடியைக் கழற்றும் சிகிச்சை அல்ல இது. இருக்கும் பார்வையைக் காப்பது.

இடது கண்ணில், படலத்தின் உட்படை கிழிந்து, கண்ணினுள் இருக்கும் நீர் படலத்துக்குள் புகுந்திருக்கிறது. ஆறியபின் நின்ற தழும்பைக் கரைக்கும் சொட்டு மருந்து கிடையாது. ஆனால் மங்கலுக்குத் தழும்பு எவ்வளவு காரணம், மேடுபள்ளமான வடிவம் எவ்வளவு காரணம் என்பதைப் பிரித்தறியாமல் சத்திரசிகிச்சைக்குச் சம்மதிக்க வேண்டாம் என்பேன். கடினமான கொன்டக்ட் லென்ஸ், அல்லது வெள்ளைவிழியில் அமர்ந்து படலத்தைத் தொடாமல் நீர்த்திரையோடு நிற்கும் ஸ்கிளீரல் லென்ஸ் ஒன்றைப் போட்டுப் பார்த்தால், எழுத்துப் பலகையில் எத்தனை வரி கூடுதலாக வாசிக்கிறான் என்பதிலேயே அது தெரிந்துவிடும்.

லென்ஸ் உதவாவிட்டால் மட்டுமே மாற்றுச் சிகிச்சை. மாற்றப்படுவது முழுக்கண் அல்ல, இறந்தவர் தானமாகத் தந்த விழிவெண்படலம் மட்டுமே. 1961இல் தொடங்கப்பட்ட இலங்கைக் கண்தான சங்கம் இதற்காகவே கண்களைச் சேகரிக்கிறது. உட்படையை வைத்துக்கொண்டு மேற்படைகளை மட்டும் மாற்றுவதே பாதுகாப்பானது என்றாலும், உட்படை ஏற்கெனவே கிழிந்த கண்ணில் பெரும்பாலும் முழுத் தடிப்பையும் மாற்ற நேரிடும். தையல் ஒரு வருடம் வரை, சிலருக்கு அதற்கு மேலும் இருக்கும். பிறகும் கண்ணாடியோ லென்ஸோ தேவைப்படலாம். சிவப்பு, வலி, வெளிச்சக் கூச்சம், மங்கல் என எது வந்தாலும் கிளினிக் திகதிக்குக் காத்திராமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கச்சான் காற்றுக் காலத்தில் கண் கடித்தாலும் கசக்கக் கூடாது. ஒவ்வாமைக்கான சொட்டு மருந்தைக் கேட்டு வாங்குங்கள். நந்தியாவட்டைச் சாறு வேண்டவே வேண்டாம். தம்பி தங்கையர் இருந்தால் அவர்களுடைய கண்களையும் காட்டிவிடுங்கள்.