தச்சர் பதில்கள்: சதுப்பின் மேல் ஒரு மரப்பாதை

(இயற்கைப் பூங்காக்களில் மரப்பாதை அமைப்பது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, முப்பது ஆண்டுகளாக அந்த வேலையையே செய்துவரும் தச்சர் ஒருவர் பதில் தருகிறார்.)

கேள்வி: ஐயா, எங்கள் பூங்காவில் சதுப்பின் மேல் போட்ட மரப்பாதை எட்டாவது ஆண்டிலேயே காலடியில் பொத்துக்கொண்டது. அசல் தேக்கு என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். ஏமாந்துவிட்டோமா? – பூங்காத் தொண்டர் ஒருவர்

தேக்கு என்ற பெயர் மட்டும் போதாது. சேகு, அதாவது நடுவில் முற்றிய உள்மரம், ஏறிய தேக்கா என்று பார்த்திருக்க வேண்டும். எந்த மரமானாலும் அதன் வெளிறு, அதாவது சேகைச் சுற்றியுள்ள முற்றாத வெளிமரம், பூஞ்சைக்கு நல்ல தீனி. ஐரோப்பியத் தரநிலையான ஈஎன் 350, மட்காமல் தாங்கும் திறனை வைத்து மரங்களை 5 வகுப்புகளாகப் பிரிக்கிறது. தேக்கு முதல் வகுப்பில் இருப்பது அதன் சேகுக்காகத்தான். இளம் மரத்தில் வெளிறு அதிகம். பலகையின் ஓரத்தில் வெளுத்த பட்டையாக ஓடுவது அதுதான்.

இருந்தாலும், உங்கள் பாதை உடைந்தது பலகையின் நடுவில் இருக்காது என்று நினைக்கிறேன். பலகை, அதைத் தாங்கும் அடிச்சட்டத்தின் மேல் உட்காரும் இடத்தில், திருகாணியைச் சுற்றித்தான் உடைந்திருக்கும். சரிதானா?

மரம் நனைவதால் மட்குவதில்லை. நனைந்தது காயாமல் இருந்தால் மட்குகிறது. ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்வரை மரத்தை அரிக்கும் பூஞ்சை வளராது. திறந்த வெளியில் கிடக்கும் பலகை மழையில் நனையும், வெயிலில் காயும்; அதற்கு ஒன்றும் ஆகாது. இரண்டு மரங்கள் ஒட்டிக் கிடக்கும் இடத்தில் மட்டும் மழை நின்ற பிறகும் நாள்கணக்கில் ஈரம் தங்கிவிடும். திருகாணித் துளை அந்த ஈரத்தை மரத்தின் உள்ளேயே கொண்டு சேர்க்கும்.

இதை நான் கற்றுக்கொண்டதற்கு ஒரு பாதை பலியானது. தொழிலுக்கு வந்த புதிதில், வலுவாக இருக்கட்டும் என்று இரண்டு சட்டங்களை ஒட்டவைத்து, போல்ட் போட்டு இறுக்கி, அதன் மேல் பலகை அடித்தேன். ஆறு ஆண்டு கழித்துப் போய்க் குத்தூசியால் குத்திப் பார்த்தபோது அது கைப்பிடிவரை உள்ளே போனது. வெளிப்பக்கம் இரண்டும் புதுமரம்போல் இருந்தன. இடையில் தேங்கிய நீர் உள்ளிருந்தே தின்றிருக்கிறது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் பாதையில் தினமும் பள்ளிப் பிள்ளைகள் நடந்துகொண்டிருந்தார்கள்.

அதிலிருந்து, சட்டத்தின் மேல்முகத்தைத் தார்ப்பட்டை ஒட்டி மூடாமல் நான் பலகை வைப்பதில்லை. இரட்டைச் சட்டம் போட நேர்ந்தால் நடுவில் காற்று புக இடம் விடுகிறேன். பலகையின் அறுத்த தலைப்பக்கம்தான் உறிஞ்சுகுழல்போல் நீரை இழுக்கும் இடம் என்பதால் அதைக் கட்டாயம் பூசி அடைக்கிறேன். ஆணியே அடிப்பதில்லை. திருகாணி என்றால் ஒரு பலகை கெட்டால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். அதுவும் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணியாக இருக்க வேண்டும். கடலோரம் என்றால் 316 ரகம். மட்காமல் இருக்கத் தாமிரம் கலந்த மருந்து ஏற்றிய மரத்தில் சாதாரண இரும்பைப் போட்டால், மரம் நன்றாக இருக்கும்போதே திருகாணி அரித்துப்போகும்.

மீதிப் பாதையைப் பிரிப்பதற்கு முன் சுத்தியலால் தட்டிக்கொண்டே ஒரு நடை போய் வாருங்கள். நல்ல மரம் ‘ணங்’ என்று பேசும். உள்ளே மட்கியது ‘தொப்’ என்று அமுங்கும். எல்லாவற்றையும் மாற்ற வேண்டி வராது என்றே நம்புகிறேன்.

கேள்வி: தண்ணீரில் நிற்கும் கால்களுக்கு மரம் எப்படித் தாங்கும்? கான்கிரீட்தானே சரி? – கட்டடப் பொறியியல் மாணவி

இங்கிலாந்தின் சாமர்செட் சதுப்பில் 1970-இல் ஒரு மரப்பாதை கண்டெடுக்கப்பட்டது. ‘ஸ்வீட் டிராக்’ என்று அழைக்கிறார்கள். குறுக்காக அறைந்த முளைகளின் மேல் ஓக் பலகைகளை நீளவாக்கில் ஏற்றிய பாதை. ஏறத்தாழ 2 கிலோமீட்டர். மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணி, அந்த மரங்கள் வெட்டப்பட்டது கி.மு. 3807–3806 குளிர்காலத்தில் என்று கண்டறிந்தார்கள். நீர் நிறைந்த சேற்றுக்குள் காற்று புகாததால் பூஞ்சைக்கு அங்கே பிழைப்பில்லை. எனவே எப்போதும் மூழ்கியே இருக்கும் பகுதியை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். காலும் மண்ணும் சந்திக்கும் கோடுதான் ஆபத்து. அங்கே ஈரமும் இருக்கிறது, காற்றும் இருக்கிறது. மண்மட்டத்துக்கு ஒரு சாண் மேலும் கீழும் குத்தூசி போட்டுப் பார்ப்பது அதனால்தான்.

உப்புநீர் என்றால் கதை வேறு. அங்கே கப்பல்புழு இருக்கிறது. புழு என்று பெயரே தவிர அது சிப்பி இனம். 1730-களில் நெதர்லாந்தின் கடல் தடுப்புச் சுவர்களின் மரங்களையே குடைந்து அந்த நாட்டைக் கதிகலங்க வைத்தது அதுதான். அத்தகைய இடத்தில் காலுக்கு நான் மரம் வைப்பதில்லை.

கான்கிரீட்டை நான் தவிர்ப்பதற்குக் காரணம், அதைப் போடக் குழி தோண்ட வேண்டும், கலவை கொண்டுவர வண்டி ஓட்ட வேண்டும். வண்டி ஒருமுறை ஏறி இறங்கிய சதுப்பு மண் பல ஆண்டுகள் அந்தத் தடத்தைச் சுமக்கும். எஃகில் திருகுக் கால்கள் வருகின்றன. நுனியில் திருகாணிபோல் சுருள் தகடு இருக்கும். சிறு எந்திரத்தைக் கையில் பிடித்தே மண்ணுக்குள் திருகி இறக்கலாம். தோண்டிய மண் வெளியே வராது, அன்றே பாரம் ஏற்றலாம், வேண்டாதபோது எதிர்ப்பக்கம் திருகிக் கழற்றலாம். முதல் இரண்டு கால்களை இறக்கிப் பலகை போட்டு, அதன் மேல் நின்று அடுத்த இரண்டை இறக்குவோம். அப்படியே முன்னேறினால் வேலை முடியும்வரை யாருடைய காலும் சேற்றில் படாது.

கேள்வி: காட்டைக் காப்பதற்கு மரத்தை வெட்டிப் பாதை போடுவது முரண் இல்லையா? மறுசுழற்சிப் பிளாஸ்டிக் பலகை நல்லதல்லவா? – சூழல் ஆர்வலர்

உங்கள் சந்தேகம் நியாயமானது. மரத்தின் பூர்விகம் தெரியாமல் வாங்கினால் அது முரண்தான். ஒரு காட்டைக் காட்ட இன்னொரு காட்டை அழித்ததாகும். மரப்பாதைகளில் பெரிதும் விரும்பப்பட்ட ‘ஈப்பே’ மரத்தின் இனங்கள் 2024 நவம்பரிலிருந்து, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. உரிய அனுமதிப் பத்திரம் இல்லாமல் அதை நாடு விட்டு நாடு கொண்டுபோக முடியாது. பொறுப்பாகப் பராமரிக்கும் காட்டிலிருந்து வந்த மரம் என்று காட்டும், 1993-இல் தொடங்கிய எஃப்எஸ்சி போன்ற சான்றுகளைக் கேட்டு வாங்குங்கள். அதைவிட நல்லது, பாதை போடும் இடத்துக்குப் பக்கத்திலேயே விளைந்த, சேகு உறுதியான மரம்.

பிளாஸ்டிக் பலகை மட்காது என்பது உண்மை. ஆனால் வெயிலில் மரத்தைவிட அதிகம் நீளும், பாரத்தில் தொய்யும். அதனால் அடியில் சட்டங்களை நெருக்கமாக வைக்க வேண்டும். என்னை உறுத்துவது வேறொன்று. ஆயிரக்கணக்கான காலணிகள் தேய்க்கும்போது உதிரும் தூள் எங்கே போகும்? நேரே கீழே இருக்கும் நீருக்குத்தான். மரத்தூள் உதிர்ந்தால் மண்ணாகும். ஆனால் ஆர்செனிக் கலந்த பழைய மருந்து ஏற்றிய மரத்துக்கு இது பொருந்தாது. அமெரிக்காவில் 2003 முடிவோடு வீட்டுப் பயன்பாட்டுக்கு அதை நிறுத்திவிட்டார்கள். பழைய பாதையைப் பிரிக்கும்போது அத்தகைய பலகை கிடைத்தால் தயவுசெய்து விறகாக எரிக்காதீர்கள்.

கேள்வி: நான் சக்கர நாற்காலியில் செல்பவன். மரப்பாதை என்றாலே எனக்கு நடுக்கம். என்ன செய்யச் சொல்ல வேண்டும்?

இதைக் கேட்டதற்கு நன்றி ஐயா. பலகைகள் போகும் திசைக்குக் குறுக்காக இருக்க வேண்டும். நீளவாக்கில் போட்டால் இடுக்கில் முன்சக்கரம் இறங்கிவிடும். இடுக்கு 6 முதல் 10 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். 13-ஐத் தாண்டவே கூடாது. அதற்குமேல் ஊன்றுகோல் நுனியும் மாட்டும். 1.8 மீட்டர் அகலம் இருந்தால் இரண்டு நாற்காலிகள் உரசாமல் கடக்கலாம். சரிவு 20-க்கு 1 என்ற அளவைத் தாண்டாமல் இருந்தால் கை வலிக்காது. ஓரத்தில் தாழ்வான தடுப்புக்கட்டை ஒன்று ஓட வேண்டும். கைப்பிடி வைத்தாயிற்றே என்று இதை விட்டுவிடுகிறார்கள். கைப்பிடி சக்கரத்தைத் தடுக்காது.

கேள்வி: மழைக்காலத்தில் வழுக்குகிறது. வரிபோட்ட பலகை வாங்கலாமா?

வேண்டாம். வரிகளில் அழுக்கும் பாசியும் தங்கும். கெட்டியான துடைப்பத்தால் தவறாமல் தேய்த்துக் கழுவுங்கள். நீரைப் பீய்ச்சும் எந்திரம் மரத்தின் நாரைக் கிழித்துவிடும். சரிவுகளில் மட்டும் மணல்பிசின் பட்டைகளைப் பதிக்கலாம்.

கேள்வி: தாத்தா, மரப்பாதைக்கு அடியில் என்ன இருக்கும்? எனக்கு 9 வயது.

தம்பி, நான் வேலை தொடங்கும் முன் தரையில் குப்புறப் படுத்துப் பார்ப்பது அதைத்தான். பாதை தாழ்வாகவும் அகலமாகவும் இருந்தால் அடியில் இருட்டு. செடிகள் செத்து வெறும் சேறு மிஞ்சும். உயரமாக்கினால் பக்கவாட்டில் வெளிச்சம் நுழையும். பாதை வடக்குத் தெற்காக ஓடினால் காலையில் ஒரு பக்கமும் மாலையில் மறுபக்கமும் வெயில் உள்ளே வரும். நான் கயிறு கட்டி வழி குறித்த பிறகும், ஒரு தவளைக் குட்டைக்காகவோ வேருக்காகவோ முளைகளைப் பிடுங்கித் தள்ளி நட்டதுண்டு. அதனால்தான் நல்ல பாதைகள் வளைந்து வளைந்து போகின்றன.

அடுத்த முறை மரப்பாதையில் போகும்போது, கூட வரும் பெரியவரைச் சற்று நிற்கச் சொல்லிவிட்டு, படுத்து இடுக்கு வழியாகப் பார். கண் இருட்டுக்குப் பழகக் கொஞ்ச நேரம் ஆகும். என்ன தெரிந்தது என்று எனக்கு எழுது.