கிள்ளானிலிருந்து செங்கல்பட்டுக் கிராமத்துக்குப் பயிற்சிக்கு வர நினைக்கும் தங்கைக்கு

அன்புத் தங்கைக்கு,

கிள்ளானில் வணிகவியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் நீங்கள், ஜூலை மாதம் சென்னைக்கு வந்து, செங்கல்பட்டு மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் எட்டு வாரம் சமூகத் தொழில்முனைவுப் பயிற்சி பெற விரும்புவதாகவும், அதற்கு முகவர் ஒருவர் பெருந்தொகை கேட்பதாகவும் எழுதியிருந்தீர்கள். எந்த விசாவில் வருவது, நண்பர்களிடம் திரட்டிய பணத்தில் மகளிர் குழுவுக்குத் தையல் இயந்திரங்கள் வாங்கித் தரலாமா, தமிழ் பேசுவதால் கிராமத்தில் பழகுவது எளிதாக இருக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். நான் ஈப்போவில் பிறந்தவள். திருமணத்துக்குப் பின் சென்னையில் குடியேறி, இந்த மாவட்டத்து மகளிர் குழுக்களின் கணக்கு வழக்குகளோடு நெடுங்காலமாகப் பழகி வருகிறேன். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

விசாவை முதலில் முடித்துவிடுவோம். சுற்றுலா மின்விசாவில் ஊதியமில்லாத தன்னார்வப் பணிக்கு இடமுண்டு. ஆனால் அந்தப் பணி ஒரு மாதத்துக்கு மேல் நீளக் கூடாது. உங்கள் எட்டு வாரத்துக்கு அது உதவாது. பயிற்சிப் பணிக்கென்றே தனி விசா வகை இருக்கிறது. கோலாலம்பூரிலுள்ள இந்திய உயர் ஆணையத்தின் வழியாக அதற்கு விண்ணப்பிக்க, உங்களை ஏற்றுக்கொள்ளும் நிறுவனத்தின் கடிதம் தேவைப்படும். "சுற்றுலா என்று சொல்லி வாருங்கள், கிராமத்தில் யார் பார்க்கப் போகிறார்கள்" என்று முகவர் சொன்னால், அவருடன் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். வெளிநாட்டவருக்குத் தங்க இடம் தருபவர் எவரானாலும், அந்த விருந்தினர் வந்த 24 மணி நேரத்துக்குள், அவர் தங்கியிருப்பதைத் தெரிவிக்கும் படிவத்தை (முன்பு 'சி' படிவம் எனப்பட்டது) தாக்கல் செய்ய வேண்டும். முகவரின் அலட்சியத்துக்குக் காவல் நிலையத்தில் பதில் சொல்ல வேண்டியவர் உங்களுக்குச் சோறு போட்ட வீட்டுக்காரராக இருப்பார். இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படும் ஓசிஐ (OCI) அட்டை கிடைத்தால் விசாத் தொல்லை பெரும்பாலும் இல்லை. கொள்ளுப்பேரர் தலைமுறை வரை அதற்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் ரப்பர் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்தவர்களின் காகிதங்களைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மில் எத்தனை என்பது உங்களுக்கும் தெரியும்.

தையல் இயந்திர யோசனையைக் கைவிடச் சொல்வேன். மலேசியக் குடிமகளான நீங்கள் இங்குள்ள தொண்டு நிறுவனம் ஒன்றுக்குத் தரும் நன்கொடை, அதை ரூபாயாக மாற்றிக் கையில் கொடுத்தாலும், சட்டப்படி வெளிநாட்டுப் பங்களிப்புதான். வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தில் பதிவோ முன் அனுமதியோ பெற்ற அமைப்புகள் மட்டுமே அதை வாங்கலாம். 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் புதுதில்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் வந்து சேர வேண்டும். அங்கிருந்து பெற்ற தொகையை அந்த அமைப்பு வேறோர் அமைப்புக்கு மாற்றித் தரவும் முடியாது. நல்லெண்ணத்தில் நீங்கள் நீட்டும் உறை ஒரு சிறு அமைப்பின் பதிவுக்கே ஊறு விளைவிக்கும். சட்டத்தை ஒதுக்கி வைத்துப் பார்த்தாலும், நான் அறிந்த குழுக்களில் தையல் இயந்திரங்கள் தூசி படிந்து கிடக்கின்றனவே தவிர, இயந்திரம் இல்லாமல் எந்த வேலையும் நின்றதில்லை. பள்ளிச் சீருடை தைக்கும் மகளிர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு அரசின் வேலை ஆண்டுதோறும் வருகிறது. அதற்கு வெளியே தைப்பவர்களுக்கோ ஆயத்த ஆடைக் கடையின் விலையோடு மோதி வெல்ல வழியில்லை. உங்கள் நண்பர்கள் உதவியே ஆக வேண்டுமென்றால், குழு செய்யும் பொருளை உரிய விலை கொடுத்து வாங்கச் சொல்லுங்கள். வாங்கிய பொருளுக்குத் தரும் விலை நன்கொடையாகாது.

முகவரிடம் கேட்க வேண்டியவை சிலவே. நீங்கள் கட்டும் தொகையில் உங்களை ஏற்கும் அமைப்புக்கு எவ்வளவு போகிறது? சென்ற முறை வந்த மாணவர் என்ன செய்தார், அவர் போன பிறகு அந்த வேலையை இப்போது யார் பார்க்கிறார்? இரண்டாவது கேள்விக்குப் பதில் வராவிட்டால், உங்களுக்காக அங்கே உண்மையான வேலை எதுவும் காத்திருக்கவில்லை என்று பொருள். மாணவர் வந்தால் அமைப்பின் களப்பணியாளர் ஒருவர் தம் வேலையை விட்டுவிட்டு எட்டு வாரமும் அவரோடு அலைவார். அந்த ஆளின் உழைப்பை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. அமைப்புக்கே நேரடியாக எழுதி, "உங்களுக்கு என்ன வேலை முடங்கிக் கிடக்கிறது" என்று கேட்பது இதைவிட மேல்.

இனி மூன்றாவது கேள்வி. தமிழ் தெரிந்திருப்பது பெரிய வசதிதான். ஆனால் அதனாலேயே உங்களிடம் ஒரு கேள்வி விரைவில் வரும்: "சொந்த ஊர் எது, எந்தப் பக்கம்?" மலேசியாவில் பிறந்த நமக்கு அது பாசமாகத் தோன்றும். பாசமும் அதில் உண்டு. கூடவே நீங்கள் என்ன சாதி என்று அறியும் முயற்சியும் உண்டு. வெள்ளைக்காரப் பிள்ளையிடம் யாரும் அதைக் கேட்க மாட்டார்கள். கிள்ளான்தான் என் ஊர் என்று சொல்லி நிறுத்திக்கொள்வது நல்லது. தெரிந்ததை மறைக்கச் சொல்லவில்லை, அதைச் சொல்லும்படி யாரும் உங்களை நெருக்க விட வேண்டாம் என்கிறேன். அதைவிட முக்கியமானது, நீங்கள் எங்கே தங்குகிறீர்கள், எங்கே உட்காருகிறீர்கள் என்பது. ஊர்ப்பகுதியும், தலித் மக்கள் வாழும் காலனியும் பிரிந்து கிடக்கும் கிராமத்தில், குழுக் கூட்டம் யார் வீட்டுத் திண்ணையில் நடக்கிறது என்பதே யார் வருவார்கள், யார் வரமாட்டார்கள் என்பதை முடிவு செய்துவிடும். பள்ளிக் கட்டடமோ குழுவுக்கென உள்ள பொதுக்கட்டடமோ இருந்தால் அங்கேயே கூடச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் தண்ணீர் வாங்கிக் குடியுங்கள். ஊர் இதை நிச்சயம் கவனிக்கும்.

குழுப் பெண்களுக்குத் தொழில் கற்றுத் தர வேண்டும் என்ற நினைப்போடும் வராதீர்கள். தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989-இல், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரியில் தொடங்கியவை. உங்கள் வயதைவிட மூத்த அமைப்பு முறை இது. குழுவை வழிநடத்தும் ஊக்குநர் அக்காவுக்குச் சேமிப்பு, குழுவுக்குள் தரும் உள்கடன், வங்கிக்கடன், நுண்கடன் நிறுவனத்தின் வாரத் தவணை என்று நான்கு கணக்கும் மனப்பாடமாகத் தெரியும். கற்றுக்கொள்ள விரும்பினால், சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே வடநெம்மேலிக்குப் போய், இருளர் பழங்குடியினரின் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தைப் பாருங்கள். பாம்புத்தோல் வணிகம் சட்டத்தால் நின்றுபோய்ப் பிழைப்பிழந்த இருளர்கள் 1978-இல் அமைத்த சங்கம் அது. பாம்பைப் பிடித்து, சில வாரங்கள் வைத்திருந்து நஞ்செடுத்து, மீண்டும் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்த நஞ்சுதான் பாம்புக்கடி மருந்துக்கு மூலப்பொருள். அவர்களில் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரையும் 2017-இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் மலைப்பாம்பு பிடிக்க அழைத்துக்கொண்டது. 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பயிற்சியாளர் எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்குப் போகிறார் என்று உங்கள் பல்கலைக்கழகம் யோசித்துப் பார்க்கட்டும்.

அப்படியானால் எட்டு வாரத்தில் உங்களால் ஆவது என்ன என்று கேட்பீர்கள். வணிகவியல் படித்தவருக்கு ஏற்ற வேலை ஒன்று எல்லாக் குழுக்களிலும் இருக்கிறது: அடக்கவிலை போடுவது. சத்துமாவு, ஊறுகாய், அப்பளம் செய்யும் குழுக்களில் தானியமும் எண்ணெயும் கணக்கில் ஏறும். தங்கள் உழைப்பும், வறுக்கும் விறகும், பேருந்தில் மூட்டை ஏற்றிய கூலியும் ஏறாது. அதனால் விற்க விற்க நட்டப்படும் குழுக்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களோடு உட்கார்ந்து ஒவ்வொரு செலவையும் தமிழில் ஒரு தாளில் எழுதி, மறுவாரம் அவர்களே போடும்படி செய்துவிட்டால் போதும். உணவுப் பாதுகாப்புப் பதிவு எண்ணோடு பொட்டலத்தில் ஒட்டச் சரியான விவரச்சீட்டு வடிவமைப்பது, வெளியூர்க் கடைகளுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவது ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். கூட்டங்கள் வேலை முடிந்து மாலையில்தான் கூடும். பகலில் ஆளைத் தேடிப் போய்த் தொந்தரவு செய்யாதீர்கள்.

தங்குவதற்கு முதல் வாரம் சென்னையில் மகளிர் விடுதியும், பிறகு அமைப்பின் விருந்தினர் அறையும் வசதி. கடற்கரை நிலையத்திலிருந்து செங்கல்பட்டுக்குப் புறநகர் மின்ரயில் உண்டு. அங்கிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஜூலையிலும் வெயில் கடுமை. பருத்திச் சுடிதார் போதும், சேலைதான் கட்ட வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. முகவரின் பதில் வந்ததும், அதோடு உங்கள் பாடத்திட்டம் கேட்கும் அறிக்கையின் விவரத்தையும் எனக்கு அனுப்புங்கள். அடக்கவிலை போட ஆள் தேடும் அமைப்புகள் இரண்டோடு உங்களைப் பேச வைக்கிறேன். விசாவுக்கான கடிதம் தரவும் அவர்களுக்கு அவகாசம் வேண்டும்.