வெளியுறவுப் படிப்பு பெண் பிள்ளைக்கு எதற்கு என்று கேட்ட பாம்பன் அம்மாவுக்கு

அன்புள்ள அம்மா,

போன வாரம் மகளோடு என்னைப் பார்க்க வந்தீர்கள். அவள் பேசி முடிப்பதற்குள், "இன்டர்நேஷனல் ரிலேஷன்ஸ் படிச்சிட்டு என்ன சார் பண்றது? அதெல்லாம் ஆம்பளைங்க பேசுற விஷயம்" என்றீர்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் அன்று பதில் சொல்ல முடியவில்லை.

அவள் காட்டிய நோட்டைப் பார்த்தீர்களா? மீனவர் கைதுச் செய்திகளை வெட்டி ஒட்டி வைத்திருக்கிறாள். இந்தியாவும் இலங்கையும் போட்ட 1974 ஒப்பந்தத்தில் கச்சத்தீவுக்குப் போய்வர நம் மீனவர்களுக்கு இடம் இருந்தது, அந்தப் பக்கம் மீன்பிடிக்கக் கூடாது என்று வந்தது 1976 கடிதப் பரிமாற்றத்தில்தான் என்று ஓரத்தில் பென்சிலால் பிரித்து எழுதியிருக்கிறாள். டிவியில் பேசுகிற பெரியவர்களே இரண்டையும் போட்டுக் குழப்புவார்கள். பி.ஏ. இரண்டாம் ஆண்டுப் பிள்ளை குழப்பவில்லை.

அந்த டிவி விவாதங்களில் உங்கள் ஊர்ப் பெண்கள் எங்கே வருகிறார்கள்? கலெக்டர் ஆபீஸ் வாசலில் அழுகிற காட்சியில். படகு பிடிபட்டால் அடகுக்குப் போவது அவர்கள் நகை. ஆனால் பேச உட்காரும் நான்கு நாற்காலியிலும் ஆண்கள். எனக்கு இது பல வருட ஆதங்கம்.

ஆம்பளைங்க விஷயம் என்று நீங்கள் சொன்னதை ஒரு காலத்தில் அரசாங்கமே விதியாக எழுதி வைத்திருந்தது. குடகில் பிறந்து சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்த சி.பி. முத்தம்மா, இந்திய வெளியுறவுப் பணிக்கு வந்த முதல் பெண். அன்றைய விதிப்படி அந்தப் பணியில் ஒரு பெண் கல்யாணம் செய்ய அரசிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. குடும்பம் வேலைக்கு இடைஞ்சல் என்று அரசு நினைத்தால் ராஜினாமா செய்யச் சொல்லலாம் என்றும் இருந்தது. பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது முத்தம்மா உச்ச நீதிமன்றம் போனார். 1979இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அந்த விதிகளைக் கடுமையாகக் கண்டித்தார். அப்புறம் 2001இல் சொகிலா ஐயர் முதல் பெண் வெளியுறவுச் செயலர் ஆனார். நிருபமா ராவ், சுஜாதா சிங் என்று அவரோடு சேர்த்து இதுவரை மூன்றே பேர். சென்னைப் பெண் பெனோ ஜெபைன், முழுதும் பார்வையற்றவர், 2015இல் இதே பணியில் நியமிக்கப்பட்டார்.

சரி, வேலைக்கு வருவோம். வெளியுறவுப் பணிக்கு ஆள் எடுக்கிற யூ.பி.எஸ்.சி. தேர்வை மட்டும் நம்பச் சொல்ல மாட்டேன். அந்தப் பணிக்கு வருடத்துக்குச் சில பத்து இடங்கள்தான். எழுதட்டும், கூடவே எம்.ஏ. முடிக்கட்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பு மற்றும் போர்த்திறன் துறை இருக்கிறது. டெல்லி ஜே.என்.யூ., புதுச்சேரி பல்கலைக்கழகங்களில் சேர க்யூட் என்ற பொது நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். பிறகு நெட் என்ற தகுதித்தேர்வில் தேறினால் கல்லூரி ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்கலாம், ஆய்வு நிறுவனங்களுக்கும் போகலாம். முதல் இரண்டு மூன்று வருடம் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும். வீட்டில் அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

மகளிடம் ஒன்று சொல்லுங்கள். கருத்தரங்குகளில் "பெண்களும் அமைதியும்" என்ற அமர்வுக்கு மட்டும் கூப்பிடுவார்கள். போகட்டும், அதோடு நிற்க வேண்டாம். 1996இல் ஜெனீவாவில் அணு ஆயுதச் சோதனைத் தடை ஒப்பந்தப் பேச்சில் இந்தியாவுக்காக வாதாடியவர் நம் தூதர் அருந்ததி கோஷ் என்ற பெண். அந்தத் தைரியம் பாடத்தில் ஊறியதால் வந்தது. இவளுக்குக் கடல் எல்லையும் இலங்கையும் சொந்தப் பாடம். சிங்களமும் கற்றுக்கொண்டால், கொழும்புப் பத்திரிகை என்ன எழுதுகிறது என்று நேரடியாகப் படித்துச் சொல்ல நம் பக்கம் ஒரு ஆள் கிடைக்கும்.

"தேடினோம், பேசப் பெண்கள் கிடைக்கவில்லை" என்று கூட்டம் நடத்துபவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆகவே அவள் பெயர் இப்போதே வெளியே தெரிய வேண்டும். அடுத்த மாதம் வரும்போது அந்த நோட்டிலிருந்து 1974, 1976 பற்றி இரண்டு பக்கம் எழுதி எடுத்துவரச் சொல்லுங்கள். திருத்திக் கொடுக்கிறேன், பத்திரிகைக்கு அனுப்புவோம். நீங்களும் கூட வாருங்கள்.