ஆட்டுக்குட்டி வாய்ப்புண்ணுக்கு அசைக்ளோவிர் தடவுனா கேக்குமா?

ஒடுகத்தூர் பக்கத்துலேந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. 14 ஆடு வச்சிருக்காராம், அதுல 5 குட்டிக்கு ஒதட்ட சுத்தி பக்கு கட்டி வெடிச்சி பால் ஊட்ட மாட்டேங்குது, வாய தொறந்து தொறந்து பாத்ததுல இவரு ஆள்காட்டி விரல்லயும் ஒரு கொப்புளம், மெடிக்கல்ல குடுத்த அசைக்ளோவிர் க்ரீம ரெண்டு பேருக்குமே தடவிக்கினு வராரு, பத்து நாளாச்சு ஒண்ணும் கேக்கல. "வெளிநாட்டுல இதுக்கு மருந்து டெஸ்ட் பண்ணிக்கீறாங்களாமே, அது கெடைக்குமா சார், இல்லனா ரெண்டு குட்டிய கே.வி.குப்பம் சந்தைக்கு ஓட்டிடட்டா"ன்னு முடிச்சிருக்காரு.

தம்பி, நீங்க சொல்றத வச்சி பாத்தா இது ஆர்ஃப் வைரஸ் மாதிரி தான் தெரியுது. பெரியம்மை வைரஸ் குடும்பம், ஆட்டுலேந்து மனுஷனுக்கும் தொத்தும். க்ரீம நிறுத்திடுங்க, காசு தான் தண்டம். ஏன்னு சொல்றேன். அசைக்ளோவிர்ன்றது பால் மாதிரி, உறை ஊத்துனா தான் தயிராகும். அக்கி, ஹெர்பிஸ் வைரஸ்ங்க கிட்ட தைமிடின் கைனேஸ்னு ஒரு என்சைம் இருக்கு, அந்த உறைமோர அதுங்களே கொண்டாந்து ஊத்தி மருந்த வேலை செய்ய வச்சி அதுலயே மாட்டிக்கும். ஆர்ஃப் வைரஸ் கிட்ட அந்த என்சைமே கெடையாது. அப்புறம் எத்தினி ட்யூப் தடவுனாலும் பால் பாலாவே தான் இருக்கும்.

நீங்க கேள்விப்பட்டது சிடோஃபோவிரா இருக்கும். அது உறை ஊத்தியே வர மருந்து, வைரஸோட ஒதவி வேணாம், மிச்சத்த நம்ம செல்லே பாத்துக்கும். டெஸ்ட் எப்படின்னா, தட்டுல செல் வளத்து வைரஸ ஊத்துவாங்க, செல்லு செத்து ஓட்ட ஓட்டயா விழும், மருந்து போட்டா எத்தினி ஓட்ட கொறையுதுன்னு எண்ணுவாங்க. அதோட நிக்கக்கூடாது, எந்த அளவுல மருந்தே செல்ல கொல்லுதுன்னும் பாக்கணும், ரெண்டுக்கும் நடுவுல நல்ல இடைவெளி இருந்தா தான் அது மருந்து, இல்லனா ப்ளீச்சிங் பவுடர் கூட தான் வைரஸ கொல்லுது. சிடோஃபோவிர் இதுல பாஸாச்சு, செம்மறி குட்டிக்கு தடவி பாத்ததுல புண்ணும் கம்மியாச்சு.

ஆனா உங்களுக்கு சரிப்படாது. அது 1996ல அமெரிக்காவுல எய்ட்ஸ் நோயாளிங்களுக்கு வர கண் தொற்றுக்குன்னு அனுமதி வாங்குன ஊசி மருந்து, கிட்னிய கெடுக்கும், கடையில ரெடியா க்ரீமா வராது, பாலுக்கும் கறிக்கும் வளக்குற ஆட்டுக்கு போடற பொருளும் இல்ல. மூணு நாலு வாரத்துல தானா ஆறப்போற புண்ணுக்கு எதுக்கு?

குட்டிங்கள தனியா கட்டுங்க. பக்க பிச்சி எடுக்காதீங்க, உதுர்ற பக்குல வைரஸ் மாசக்கணக்குல உயிரோட இருக்கும், கூட்டி எரிச்சிடுங்க. பொட்டாசியம் பர்மாங்கனேட்ட லேசா ரோஸ் கலர்ல கரைச்சி கழுவி போரிக் கிளிசரின் தடவுங்க, கையில க்ளவுஸ் போட்டுக்கினு. முள்ளுச்செடி மேய விடாதீங்க, முள்ளு குத்துன எடத்துல தான் வைரஸ் ஏறுது. ஊட்டாத குட்டிக்கு பாட்டில்ல பால் குடுங்க, தாயாட்டு மடியயும் தெனம் பாருங்க. காய்ச்சல், மூக்குல சளி, கழிச்சல்னு சேந்து வந்தா அது பிபிஆரா (ஆட்டுக்கொல்லி நோய்) இருக்கலாம், உடனே 1962க்கு, அதான் கால்நடை ஆம்புலன்ஸ் நம்பருக்கு, போன் போடுங்க.

விரல் விஷயம். பாக்க சீழ் கட்டுன மாதிரி இருக்கும், உள்ள சீழ் இருக்காது, கீறி வுட்றாதீங்க. மூடி கட்டுங்க, ஆறு வாரம் வரைக்கும் ஆகும். ஒண்ணு மட்டும் நெனப்பு வச்சிக்கோங்க, சமீபத்துல எந்த ஆடாவது திடீர்னு செத்துச்சா, கொப்புளம் நடுவுல கருப்பா மாறி சுத்தி வீங்குதா? அப்படின்னா அடைப்பானா (ஆந்த்ராக்ஸ்) இருக்கலாம், வேலூர் சித்தூர் பக்கம் அது புதுசில்ல. அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு போயி ஆடு வளக்கிறேன்னு டாக்டர் கிட்ட சொல்லுங்க, செத்த ஆட்ட அறுக்காதீங்க.

சந்தைக்கு இப்ப ஓட்டாதீங்க. எண்ணெய் தடவி பக்க மறைச்சி ஓட்டியாற ஆளுங்கள பாத்திருக்கேன், வாங்குனவன் பட்டி முழுக்க பரவுது. கடைசி பக்கு உதுந்து உள்ள ரோஸ் தோல் தெரிஞ்சி இன்னும் ரெண்டு வாரம் போகட்டும், அப்ப எடையும் ஏறியிருக்கும்.