கணப்பும் மெழுகுவர்த்தியும்: குளிர்காலக் கேள்வி பதில்

கேள்வி: விறகைப் பற்றவைத்ததும் புகை முழுக்க அறைக்குள் திரும்புகிறது. ஏன்?

பதில்: புகைபோக்கியின் தகட்டுக் கதவு முழுசாகத் திறந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கைப்பிடியை நம்ப வேண்டாம்; துருவேறினால் கைப்பிடி மட்டும் திரும்பும், தகடு அசையாது. திறந்திருந்தும் புகைந்தால் குழாய்க்குள் குளிர்காற்று கனத்து உட்கார்ந்திருக்கிறது. செய்தித்தாளைச் சுருட்டிக் கொளுத்தி, தகட்டுக்கு நேர் கீழே பிடியுங்கள். சுவாலை மேலே இழுபட்டால் குழாய் சூடேறிவிட்டது. இனி விறகை மூட்டலாம். சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினால் நிறுத்துங்கள். அது வெளியே தள்ளும் காற்றை ஈடுகட்ட, புகைபோக்கி வழியாகவே காற்று கீழே இறங்கும்.

கேள்வி: விறகு காய்ந்துவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டுங்கள். கணீரென்றால் காய்ந்தது, மொத்தென்றால் ஈரம். ஈரமானி 20 சதவீதத்துக்குக் கீழே காட்ட வேண்டும். ஈர விறகு புகைந்து, கிரியோசோட் என்னும் தார்க்கரியைக் குழாய்ச் சுவரில் அப்பும். 3 மில்லிமீட்டர் படிந்தாலே சுரண்டியாக வேண்டும். அது பற்றிக்கொண்டால் ரயில் ஓடுவதுபோல் இரைச்சல் கேட்கும். எல்லோரும் வெளியேறித் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: படுக்கப் போகும்போது தகட்டை மூடினால் சூடு தங்குமே?

பதில்: தணல் முற்றாக அணையும்வரை மூடாதீர்கள்.

கேள்வி: இது மிகை, ஐயா. புகையே இல்லாத தணல் என்ன செய்துவிடும்? பாதி மூடலாமே!

பதில்: புகை இல்லாததுதான் சிக்கல். தணலின் அடியில் உண்டாகும் கரியமில வாயு, செக்கச் சிவந்த கரி வழியே ஏறும்போது கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. தணல்மேல் நீலமாக நடுங்கும் சுவாலை, அந்த வாயு எரிவதுதான். சுவாலை அடங்கியபின் அது எரியாமலே கிளம்புகிறது. நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பிடிக்கும். விழித்திருப்பவருக்குத் தலைவலி, குமட்டலாவது தெரியும். தூங்குபவருக்கு அதுவும் தெரியாது.

கேள்வி: கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டியிருக்கிறேன். இப்போதாவது மூடலாமா?

பதில்: எல்லாம் தவறிய பிறகு கத்துவதற்குத்தான் அலாரம், தவறுவதற்கு அனுமதிச் சீட்டல்ல. மாதம் ஒருமுறை பொத்தானை அழுத்திச் சோதியுங்கள். தகடு திறந்தே இருக்கட்டும்.

கேள்வி: மறுநாள் காலை சாம்பலைக் குப்பையில் கொட்டலாமா?

பதில்: நீறு பூத்த நெருப்பு என்று சும்மாவா சொன்னார்கள்? சாம்பலுக்குள் கங்கு மூன்று நான்கு நாள்கூடக் கிடக்கும். மூடியுள்ள உலோக வாளியில் அள்ளி, வீட்டிலிருந்து 3 மீட்டராவது தள்ளி வையுங்கள். அட்டைப்பெட்டி, பிளாஸ்டிக் வாளி, வாக்குவம் கிளீனர் மூன்றும் ஆகாது.

கேள்வி: மெழுகுவர்த்திக் குவளை கறுத்துப்போகிறதே?

பதில்: திரி நீளம். ஏற்றும் முன் ஒவ்வொரு முறையும் 6 மில்லிமீட்டராக நறுக்குங்கள். நறுக்கிய துணுக்கு மெழுகில் விழுந்தால் எடுத்துவிடுங்கள். அதுவே இன்னொரு திரியாகும். அடியில் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக மெழுகு இருக்கும்போதே அணைத்துவிடுங்கள். அதற்கும் கீழே எரியவிட்டால் சூடு நேரே கண்ணாடியில் இறங்கி விரிசல் விடும். திரைச்சீலையிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள்.

கேள்வி: குவளை மெழுகு மொத்தமும் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றலாமா?

பதில்: கூடவே கூடாது. தண்ணீர் அடியில் இறங்கி நொடியில் ஆவியாகி, எரியும் மெழுகை மேலே வாரியடிக்கும். உலோக மூடியால் மூடுங்கள், ஆறும்வரை திறக்காதீர்கள்.

கேள்வி: மண்ணெண்ணெய் தெளித்து மூட்டினால்?

பதில்: வேண்டாம்.

கேள்வி: தகட்டை முக்கால்வாசி மட்டும் மூடினால்?

பதில்: மேலே இரண்டு முறை சொல்லியாயிற்று.

கேள்வி: ஜன்னலைத் திறந்துவைத்துத் தகட்டை மூடலாமா?

பதில்: சூட்டைச் சேமிக்கத் தகட்டை மூடி, அதே சூட்டை ஜன்னல் வழியாக அனுப்பவா? விளக்கை அணைத்துவிட்டுச் சாம்பலைக் கம்பியால் கிளறிப் பாருங்கள். ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தாலும் தகட்டைத் தொடாதீர்கள்.