சூரியன் கொந்தளித்தால் துவாசில் என்ன ஆகும்?

சூரியப் புயல் என்று செய்தியில் ஒரு வரி வந்தால் போதும், எனக்குக் கேள்விகள் குவிந்துவிடுகின்றன. இந்த முறை வந்தவற்றில் சிலவற்றுக்கு மட்டும் இங்கே பதில்.

“இன்று இரவு 12:30 முதல் 3:30 வரை காஸ்மிக் கதிர்கள் வருகின்றன, கைபேசியை அணைத்துத் தள்ளி வை என்று ஊரிலிருந்து அம்மா அனுப்பியிருக்கிறார். சிங்கப்பூர் தொலைக்காட்சியிலேயே சொன்னார்களாமே?” (செங்காங்)

சிங்கப்பூரில் இருக்கும் நமக்கு சிங்கப்பூர்ச் செய்தி தஞ்சாவூர் வழியாக வருகிறது பாருங்கள்! இது பல வருடமாகச் சுற்றும் புரளி, நாசா, பிபிசி என்று பெயர்களும் ஒட்டிக்கொண்டே வரும். காஸ்மிக் கதிர்கள் கடிகாரம் பார்த்து வருவதில்லை, எப்போதும் வந்துகொண்டேதான் இருக்கின்றன, வளிமண்டலமும் பூமியின் காந்தப்புலமும் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகின்றன. கைபேசியை அணைப்பதால் அதில் எதுவும் கூடாது, குறையாது. அம்மாவிடம் “அணைத்துவிட்டேன்” என்று சொல்லிவிட்டுத் தூங்குங்கள்.

“துவாசில் நில அளவை வேலை. இரவு எட்டு மணிக்கு மேல் ரோவரில் ஃபிக்ஸ் நிற்கவே மாட்டேன் என்கிறது, ஃப்ளோட்டிலேயே கிடக்கிறது. மார்ச், ஏப்ரலில் ரொம்ப மோசம். கருவியை சர்வீஸுக்கும் அனுப்பியாகிவிட்டது.”

கருவி பாவம், அதை விட்டுவிடுங்கள். (மற்றவர்களுக்கு: ரோவர் என்பது கையோடு கொண்டுபோகும் ஜி.பி.எஸ். அளவைக் கருவி, ஃபிக்ஸ் என்றால் சென்டிமீட்டர் துல்லியம், ஃப்ளோட் என்றால் வெறும் தோராயம்.) நம் ஊரில் விண்வெளி வானிலை என்றால் உண்மையில் இதுதான்.

பகலெல்லாம் சூரிய ஒளி காற்றின் மேலடுக்கை அயனியாக்குகிறது. ஏழு மணி வாக்கில் சூரியன் மறைந்ததும் கீழ்ப்பகுதி சட்டென்று மெலிந்துவிடும், மேலே அடர்த்தியான பகுதி மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும். இலேசானது கீழே, கனமானது மேலே என்றால் நிலைக்குமா? கொதிக்கிற கஞ்சியில் கிளம்புவதுபோல அடியிலிருந்து குமிழிகள் மேலே ஏறுகின்றன, பிளாஸ்மா குமிழி என்று பெயர், ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உயரம் போகும். அதன் வழியாக வரும் ஜி.பி.எஸ். சமிக்ஞை கூடிக் குறைந்து தடுமாறும், உங்கள் ரோவர் அலையின் ஏற்ற இறக்கக் கணக்கை விட்டுவிடும், ஃபிக்ஸ் போய்விடும். காந்த நடுக்கோட்டுப் பக்கம் இருக்கும் ஊர்களுக்கெல்லாம் இந்தத் தலைவலி உண்டு. நம் தீர்க்கரேகையில் மார்ச்-ஏப்ரல், செப்டம்பர்-அக்டோபர் மாதங்களில் அதிகம், சூரியனின் பதினோரு ஆண்டுச் சுழற்சி உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில் இன்னும் அதிகம். அந்த உச்சக் கட்டத்துக்கு வந்துவிட்டதாக நாசா அறிவித்தது 2024 அக்டோபரில்.

சோதித்துப் பார்க்க ஒரு வழி: பழைய பதிவுகளைத் திறந்து, எந்தெந்த செயற்கைக்கோள்கள் அறுந்தன என்று பாருங்கள். வானத்தின் ஒரே பக்கத்தில் இருப்பவை சேர்ந்தாற்போலத் தடுமாறி, நள்ளிரவு வாக்கில் தானாகச் சரியாகியிருந்தால் குமிழிதான். கட்டுப்பாட்டுப் புள்ளிகளைப் பகலிலேயே முடித்துவிட்டு இரவில் செயற்கைக்கோள் தேவைப்படாத டோட்டல் ஸ்டேஷன் கருவியை எடுங்கள். ஜி.பி.எஸ். ஒன்றை மட்டும் நம்பாமல் ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ செயற்கைக்கோள்கள் எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள். (ஷென்டன் வேயில் டாக்சி செயலி உங்களை எதிர்ச்சாலையில் காட்டுகிறதே, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அது உயரக் கட்டடங்களின் வேலை.)

“2024 மே மாதப் புயலில் லடாக்கில்கூட துருவ ஒளி தெரிந்ததே, நமக்கு எப்போது?”

விமானச் சீட்டு வாங்கினால்! 1909-இல் சிங்கப்பூரில் தெரிந்ததாக ஒரு பழைய குறிப்பு உண்டு, சந்தேகத்துக்குரியது. காந்தப் புயலின் வலிமையைச் சொல்லும் கேபி எண்ணைக் காட்டும் செயலியையும் அழித்துவிடலாம், மேலே சொன்ன குமிழிகளைப் பற்றி அது உங்களுக்கு எதுவும் சொல்லாது. பெரிய காந்தப் புயல் சில சமயம் அன்றைய குமிழிகளை அடக்கிவிடுவதும் உண்டு.

“கர்ப்பமாக இருக்கிறேன், நியூயார்க் போக வேண்டும். கதிர்வீச்சு பயமாக இருக்கிறது. போதாததற்கு ஏர்பஸ் விமானங்களைச் சூரியன் குழப்பியதாகவும் படித்தேன்.” (பொங்கோல்)

பதினெட்டு மணி நேரப் பயணத்துக்கு ஒரு வழிக்குச் சுமார் 0.1 மில்லிசீவர்ட் (உடல் வாங்கும் கதிர்வீச்சின் அலகு) என்று வைத்துக்கொள்ளுங்கள். இயற்கையாகவே உலகில் சராசரி மனிதர் ஆண்டுக்கு 2.4 வாங்குகிறார். கர்ப்பிணி விமானப் பணியாளரின் சிசுவுக்கு, கர்ப்பத்தை அறிவித்தது முதல் பிரசவம் வரை, 1 மில்லிசீவர்டைத் தாண்டக்கூடாது என்பது சர்வதேசப் பரிந்துரை. ஆக, ஒரு முறை போய்வருவதில் கவலையில்லை, மாதம் நான்கு முறை பறப்பவர்தான் கணக்குப் பார்க்க வேண்டும். மருத்துவரிடம் கேட்க வேண்டியது, அத்தனை நேரம் உட்கார்ந்தே இருந்தால் காலில் ரத்தம் கட்டுமே, அதைப் பற்றி.

ஏர்பஸ் கதை உண்மைதான். 2025 அக்டோபர் 30 அன்று ஒரு ஏ320 திடீரெனத் தலை தாழ்த்தியது, தீவிரச் சூரியக் கதிர்வீச்சு கணினித் தரவைக் கெடுக்கக்கூடும் என்று நிறுவனம் சொன்னது, சுமார் 6000 விமானங்களுக்கு அவசரமாக மென்பொருள் மாற்றினார்கள். ஆனால் அன்று பெரிய சூரியப் புயல் எதுவும் இல்லை. எனக்கு விண்மீன்களுக்கிடையிலிருந்து வரும் காஸ்மிக் துகள் மேல்தான் சந்தேகம்.

“அப்பாவுக்கு பேஸ்மேக்கர் வைத்திருக்கிறது. காந்தப் புயல் நாட்களில் வெளியே அனுப்பலாமா?” (ஈசூன்)

தாராளமாக. சிங்கப்பூரில் பூமியின் காந்தப்புலம் சுமார் 42,000 நானோடெஸ்லா, கடும் புயலில் அது சில நூறு ஆடும். ஒரு சாதாரண எம்.ஆர்.ஐ. இயந்திரம் 150 கோடி நானோடெஸ்லா. புயல் நாட்களையும் மாரடைப்பையும் இணைக்கும் ஆய்வுகள் இருக்கின்றன, தொடர்பு பலவீனமானது, எப்படி நடக்கிறது என்ற விளக்கமும் உறுதியாகவில்லை. அப்பாவை மதிய வெயிலில் தேக்காவுக்கு அனுப்பாதீர்கள், அந்தச் சூரியன்தான் ஆபத்து.

“மின்சாரம், இணையம் எல்லாம் போய்விடுமா?”

1989 மார்ச் 13-இல் கனடாவின் கியூபெக்கில் ஒன்பது மணி நேரம் மின்சாரம் போனது, 60 லட்சம் பேர் இருட்டில். அங்கே துருவத்தை ஒட்டிய உயர் அட்சரேகை, அடியில் மின்சாரம் கடத்தாத பாறை, நெடுந்தூர மின்பாதைகள். நாம் இருப்பது நடுக்கோட்டருகே, அவ்வளவு நீண்ட மின்பாதைகளும் இங்கே இல்லை. கடலடிக் கேபிள்களை எடுத்துக்கொண்டால், கண்ணாடி இழைக்கு ஒன்றும் ஆகாது, வழியில் சமிக்ஞைக்கு வலுவூட்டும் ரிப்பீட்டர்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் செம்புதான் பலவீனம். கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர் சங்கீதா அப்து ஜோதி 2021-இல் இதை ஆராய்ந்தார், மோசமான நிலையிலும் சிங்கப்பூருக்கு சென்னை, ஜகார்த்தா போன்ற ஊர்களோடு தொடர்பு மிஞ்சும் என்று கண்டார். அமெரிக்கக் கரையில் இருக்கும் உங்கள் கோப்புகளைப் பற்றி வேண்டுமானால் கவலைப்படலாம்.

“தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் மகள் கேட்கிறாள்: சூரியப் புயல் வால்நட்சத்திரத்தின் வாலை வெட்டிவிடுமா?”

வெட்டும், வெட்டியும் இருக்கிறது! 2007 ஏப்ரல் 20 அன்று எங்கே என்ற வால்நட்சத்திரத்தின் மேல் (கேள்வி இல்லை, பெயரே எங்கேதான்) சூரியன் உமிழ்ந்த மேகம் மோதியது, வால் முழுசாகப் பிய்ந்து போனதை ஸ்டீரியோ விண்கலம் படமெடுத்தது. அப்புறம் புது வால் முளைத்தது, தலைக்கு ஒன்றும் ஆகவில்லை. பிய்ந்தது அயனி வால், தூசி வால் வேறு. அயனி வால் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்பக்கமே நீட்டும், விலகிப் போகும்போது வால்தான் முன்னால் போகும். இதைப் பார்த்துத்தான் 1951-இல் ஜெர்மன் வானியலாளர் பியர்மன், சூரியனிலிருந்து துகள்கள் ஓயாமல் வீசுகின்றன என்று ஊகித்தார், விண்கலம் எதுவும் பறக்காத காலத்தில்.

நம் மேகத்திலும் வெளிச்சத்திலும் வால்நட்சத்திரம் தேடுவது கஷ்டம். அதற்குப் பதில், யார் வேண்டுமானாலும் வால்நட்சத்திரம் தேடக்கூடிய சன்கிரேசர் திட்டத்தைப் பார்க்க மகளிடம் சொல்லுங்கள், சூரியனைக் கண்காணிக்கும் சோஹோ விண்கலத்தின் படங்கள் இணையத்தில் திறந்தே கிடக்கின்றன. அந்தப் படங்களில் கிடைத்த வால்நட்சத்திரங்களின் எண்ணிக்கை 2024 மார்ச்சில் 5000-ஐ எட்டியது, அவற்றில் பெரும்பாலானவற்றைக் கண்டுபிடித்தது வீட்டில் உட்கார்ந்திருந்த தன்னார்வலர்கள்தான்.