ராக்கெட் பிள்ளையும் பதினொன்றாம் வகுப்பு குரூப்பும்

அண்ணாச்சி, வணக்கம்.

உங்கள் கடிதத்தில் கேள்வியைவிடப் புகார்தான் அதிகம். பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்ததிலிருந்து பிள்ளை பாட்டிலில் தண்ணீர் ஊற்றிக் காற்றடித்து ராக்கெட் விட்டுக்கொண்டு மொட்டை மாடியே கதியென்று கிடக்கிறாள். கடையில் சேரும் காலி சோடா பாட்டில் ஒன்றைக்கூடப் பழைய சாமான்காரரிடம் போடவிட மாட்டேன் என்கிறாள். துவரம்பருப்பு வாங்க வந்த வாத்தியாரிடம் இஸ்ரோவைப் பற்றி அரை மணி நேரம் வாதாடுகிறாள். 'பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இந்த வாணவேடிக்கை' என்று அவளுடைய ஆச்சி வேறு. இவ்வளவுக்கும் பிறகு கடைசி நாலு வரியில்தான் விஷயத்துக்கு வருகிறீர்கள்: பதினொன்றில் எந்த குரூப், ஏரோநாட்டிக்கல் படிக்க வைத்தால் வேலை கிடைக்குமா, இந்தக் கிறுக்கைத் தடுக்கவா விடவா.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தடுக்க வேண்டாம். அதற்காக அந்தக் கிறுக்கையே ஒரு டிகிரியாக மாற்றிக் காசு கட்டவும் வேண்டாம். வீட்டில் ஒரு பிள்ளை ராக்கெட் ராக்கெட் என்றால், இந்தப் பக்கத்துப் பெற்றோர் ஒன்று பாட்டிலைப் பிடுங்கி எறிகிறார்கள், இல்லாவிட்டால் பெயர் தெரியாத ஏதோ ஒரு கல்லூரியில் 'ஏரோ' என்று எழுதியிருக்கும் சீட்டை வாங்கிவிடுகிறார்கள். இரண்டாவதுதான் அதிகம் செலவு வைக்கிற தவறு.

நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய அவள் நோட்டுப் பக்கங்களைப் பார்த்தேன். நீங்கள் அதைக் கிறுக்கலுக்குச் சாட்சியாக அனுப்பினீர்கள். எனக்கு அதில்தான் பிள்ளை தெரிந்தாள். எவ்வளவு தண்ணீர் ஊற்றினாள், சைக்கிள் பம்பை எத்தனை தடவை அடித்தாள், எத்தனை நொடி மேலே நின்றது, எல்லாம் கட்டம் போட்டு எழுதியிருக்கிறாள். பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அவள் யாரிடமும் கேட்காமல், அரைப் பாட்டில், கால் பாட்டில் என்று மாற்றி மாற்றி ஊற்றி அதற்குப் பக்கத்தில் வந்து நிற்கிறாள். உயரத்தை எப்படிப் பார்த்தாள் தெரியுமா? பாகைமானியில் நூல் கட்டி, தூரத்தில் நின்று ஏற்றக்கோணம் பார்த்திருக்கிறாள். பத்தாம் வகுப்பு முக்கோணவியலில் வருகிற அதே கணக்கு. பரீட்சைக்குப் படித்த பாடத்தைப் பரீட்சை முடிந்த பிறகு எடுத்துப் பயன்படுத்துகிற பிள்ளைகள் ரொம்பக் குறைவு அண்ணாச்சி.

இன்னொரு பக்கத்தில் ஒரு வரி: 'காத்து மேக்கே இருந்து அடிச்சுது. ராக்கெட் கிழக்கே போகாம மேக்கேயே திரும்பிச்சு. வால் பெருசா இருக்கு.' வைகாசி பிறந்ததும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்று உங்கள் ஊர்ப் பக்கம் என்ன பாடு படுத்தும் என்று எனக்குத் தெரியும். அந்தக் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலை நிற்கிறது. காற்று அடித்தால் ராக்கெட்டும் காற்றோடு போகும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். ஆனால் வால் இறக்கை பெரிதாக இருந்தால் காற்று வாலைத் தள்ளும், மூக்கு காற்று வரும் திசைக்கே திரும்பும். கோயில் கோபுரத்துப் பக்கம் கொடி பறப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது தோன்றாது. மாடல் ராக்கெட் விடுகிறவர்கள் எடை மையம், காற்றின் தள்ளல் வந்து குவிகிற காற்றழுத்த மையம் என்று இரண்டு புள்ளிகளை வைத்துக்கொண்டு இதைத்தான் கணக்குப் போடுகிறார்கள். எடை மையம் காற்றழுத்த மையத்துக்கு முன்னால் இருக்க வேண்டும், குறைந்தது ராக்கெட்டின் ஒரு விட்டம் அளவுக்காவது. ஓப்பன்ராக்கெட் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தால் போட்டுக் கொடுங்கள், மிச்சத்தை அவளே பார்த்துக்கொள்வாள்.

சரி, இப்போது கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது. அவள் அத்தை மகன் தீப்பெட்டி மருந்தைச் சுரண்டி 'நிஜ ராக்கெட்' பண்ணலாம் என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதை அன்றைக்கே நிறுத்துங்கள். விட்டுப் பிடிக்கலாம் என்கிற பேச்சே இதில் வேண்டாம். 1957-ல் ரஷ்யா ஸ்புட்னிக்கை விட்டதும் அமெரிக்காவில் பையன்கள் வீட்டிலேயே மருந்து கலந்து விரலையும் கண்ணையும் இழந்தார்கள். அதற்கு மாற்றாகத்தான் மாடல் ராக்கெட் பொழுதுபோக்கே அங்கே வளர்ந்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஆர்வில் கார்லைல், நெப்ராஸ்காவில் செருப்புக்கடை வைத்திருந்தவர், உங்களைப் போல ஒரு கடைக்காரர்தான். அந்தப் பொழுதுபோக்கின் முதல் விதி, மோட்டாரை, அதாவது மருந்து அடைத்த குழாயை, நீ செய்யாதே, தொழிற்சாலையில் செய்ததை வாங்கு என்பது. அந்த மோட்டார்கள் நம் ஊர்க் கடைகளில் கிடைக்காது. உரிமம் இல்லாமல் வெடிமருந்து செய்வது 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டப்படி குற்றம். சிவகாசி பக்கத்தில் இருக்கிறது என்பதால் மருந்து நமக்குப் பழகிய சாமான் மாதிரித் தெரியும். அங்கே எத்தனை குடும்பம் அழுதிருக்கிறது என்பதையும் நாம்தான் அறிவோம்.

தண்ணீர் ராக்கெட்டும் விளையாட்டுச் சாமான் இல்லை என்று அவளிடம் சொல்லுங்கள். கேஸ் அடைத்த குளிர்பானம் வருகிற பிளாஸ்டிக் பாட்டில் மட்டும்தான், குடிதண்ணீர் பாட்டில் அந்த அழுத்தத்தைத் தாங்காது. கசங்கியதும் கீறல் விழுந்ததும் தூக்கிப் போட வேண்டும். டயர் கடைக் கம்ப்ரஸர் வேண்டவே வேண்டாம். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, தள்ளி நின்று நீளமான கயிற்றை இழுத்து விட வேண்டும். மொட்டை மாடியை விட்டுவிட்டு, கோடையில் வற்றிக் கிடக்கும் குளத்துக்குள் மின்கம்பி இல்லாத பக்கமாகப் போய் விடட்டும். நீங்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடப் போனால் நல்லது.

அப்புறம் அவளுடைய வாதங்கள். 'மஸ்க் ராக்கெட்டைத் திரும்ப இறக்கிட்டார், நாம இன்னும் கடல்ல போடுதோம்' என்று வாத்தியாரிடம் சண்டை போட்டாளாம். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். மஸ்க் கம்பெனியின் ஃபால்கன் 9 ராக்கெட் முதல் தடவை தரையில் வந்து நின்றது 2015 டிசம்பரில், அது பெரிய காரியம்தான். ஆனால் திரும்பி இறங்கவும் எரிபொருள் வேண்டும், அந்த அளவுக்குச் சுமை குறையும். வருஷத்துக்கு எத்தனை தடவை ஏவுகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அது லாபமா நஷ்டமா என்று தெரியும். இஸ்ரோவும் சும்மா இல்லை. 2023-லும் 2024-லும் கர்நாடகத்துச் சித்ரதுர்காவில் இறக்கை வைத்த ஒரு வாகனத்தை ஹெலிகாப்டரிலிருந்து விட்டு, தானாக ஓடுபாதையில் இறக்கிப் பார்த்தார்கள். அடுத்த முறை அவள் வாதாட வந்தால் வாயை அடைக்காதீர்கள். 'வருஷத்துக்கு எத்தனை ஏவினா கட்டுபடியாகும்?' என்று கடைக்காரராகக் கேளுங்கள். கொள்முதல், விற்பனை, கழிவு எல்லாம் உங்களுக்குத் தெரியாததா? அபிப்பிராயம் எதுவாக இருந்தாலும் எண்ணோடு வந்தால் அது படிப்பு.

இனி ஏரோநாட்டிக்கல். ராக்கெட் என்றால் தீயும் புகையும்தான் நம் கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் 'ஏரோ' படித்தவர்கள்தான் அதைச் செய்கிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். 2022 ஆகஸ்ட் 7-ஆம் தேதி இஸ்ரோவின் சிறிய ராக்கெட்டான எஸ்எஸ்எல்வி முதல் முறை கிளம்பியது. எரிபொருளில் குறையில்லை, மூன்று அடுக்கும் ஒழுங்காக எரிந்தன. இரண்டாம் அடுக்கு கழன்றபோது வந்த அதிர்வில் வேகமாற்றத்தை அளக்கிற கருவிகள் கொஞ்ச நேரம் தடுமாறின. கம்ப்யூட்டர், கருவிகள் பழுதாகிவிட்டன என்று முடிவுகட்டி மாற்று வழிக்குப் போனது. செயற்கைக்கோள்கள் 356 கிலோமீட்டர் வட்டப்பாதைக்குப் பதிலாக ஒரு முனை 76 கிலோமீட்டர் வரை தாழ்ந்த பாதையில் விழுந்து வீணாயின. அடுத்த பிப்ரவரியில் அதே ராக்கெட் சரியாகப் போனது. நடுவில் அதைச் சரிசெய்த வேலையில் எலக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர், அதிர்வு தெரிந்த மெக்கானிக்கல் எல்லாம் இருக்கிறது. இஸ்ரோ பொறியாளர்களை எடுக்கும் தேர்வுகளிலும் மெக்கானிக்கல், எலக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ் என்கிற பாடங்களுக்குத்தான் வழக்கமாக அறிவிப்பு வரும். டிகிரியில் 65 சதவீதத்துக்குக் குறையாமல் எடுத்திருக்க வேண்டும். கூட்டம் நெரியும், இடம் கொஞ்சம். கிடைக்காவிட்டால் இந்தப் பாடங்களை வைத்து வேறு நூறு இடத்துக்குப் போகலாம். நல்ல ஆய்வகம் இல்லாத கல்லூரியில் ஏரோ படித்துவிட்டு அப்படித் திரும்புவது கஷ்டம். சென்னை குரோம்பேட்டை எம்ஐடி மாதிரி இடத்தில் ஏரோநாட்டிக்கல் கிடைத்தால் அது வேறு கதை, தாராளமாகச் சேருங்கள்.

செங்கோட்டைப் பெண் நிகர் ஷாஜியைப் பற்றி உங்கள் பிள்ளைக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். 2023 செப்டம்பரில் சூரியனைப் பார்க்கப் போன ஆதித்யா எல்1-க்குத் திட்ட இயக்குநர். அவர் படித்தது திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில், எலக்ட்ரானிக்ஸ். இப்போதைய இஸ்ரோ தலைவர் நாராயணன் குமரி மாவட்டத்துக்காரர், மெக்கானிக்கல் டிப்ளமோவில் தொடங்கிப் பிறகு கரக்பூர் ஐஐடியில் கிரையோஜெனிக், அதாவது கடுங்குளிர்த் தொழில்நுட்பம், படித்தவர். அவர்களைப் போல ஆகிவிடலாம் என்று சொல்ல இவர்களை இழுக்கவில்லை, அது எல்லோருக்கும் நடக்காது. உள்ளே போன வாசல் எது என்று பாருங்கள் என்கிறேன். டிப்ளமோ முதல் வகுப்பில் முடித்தவர்களுக்கு டெக்னிக்கல் அசிஸ்டென்ட், ஐடிஐ முடித்தவர்களுக்கு டெக்னீசியன் என்று உங்கள் பக்கத்து மகேந்திரகிரி இஸ்ரோ மையத்திலேயே வேலைகள் இருக்கின்றன. கிரையோஜெனிக் என்ஜினுக்கு ஹைட்ரஜனை மைனஸ் 253 டிகிரியில் வைத்து ஊட்ட வேண்டும். அந்தக் குழாயையும் வால்வையும் கையால் பிடித்து வேலை பார்ப்பவர்கள் இல்லாமல் எந்த விஞ்ஞானியாலும் ஒன்றும் ஆகாது.

குலசேகரப்பட்டினம் ஏவுதளம் வந்துவிட்டால் பக்கத்திலேயே வேலையா என்று கேட்டிருந்தீர்கள். 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். சின்ன ராக்கெட்டுகளை இலங்கையைச் சுற்றாமல் நேரே தெற்கே விடத்தான் அந்த இடம். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து வளைந்து போனால் சின்ன ராக்கெட்டின் சுமையில் பெரும்பங்கு அந்த வளைவுக்கே போய்விடும். அது ஏவுகிற இடம், வடிவமைக்கிற இடம் இல்லை. ராக்கெட் வடிவமைப்பு பெரும்பாலும் திருவனந்தபுரத்தில், செயற்கைக்கோள் பெங்களூரில், என்ஜின் சோதனை உங்கள் ஊருக்குப் பக்கத்து மலையடிவாரத்தில். ஊருக்குப் பக்கத்திலேயே வேலை என்று இப்போதே முடிவு பண்ண வேண்டாம்.

குரூப் விஷயம். கணக்கை மட்டும் விடக் கூடாது. நர்ஸிங்குக்கும் வழி இருக்கட்டும் என்று உங்கள் வீட்டம்மா நினைக்கிறார்கள் என்றால் கணக்கோடு உயிரியல் இருக்கிற முதல் குரூப் போடுங்கள். பிள்ளைக்கு உயிரியல் சுத்தமாகப் பிடிக்காது என்றால் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். கணக்கில்லாத குரூப்பை எடுத்தால் பொறியியலே மூடிவிடும். திருவனந்தபுரத்தில் இஸ்ரோவுக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது, ஐஐடி நுழைவுத்தேர்வான ஜேஇஇ அட்வான்ஸ்டு எழுதித்தான் போக முடியும். அதற்கு முந்தின கட்டமான ஜேஇஇ மெயினைத் தமிழில் எழுதலாம். அட்வான்ஸ்டு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான். தமிழ் வழியில் படித்த பிள்ளை இப்போதிருந்தே இயற்பியலை ஆங்கிலத்திலும் வாசித்துப் பழகட்டும். யுவிகா என்கிற இஸ்ரோ முகாம் ஒன்பதாம் வகுப்புக்கு, இவள் தாண்டிவிட்டாள். தம்பி ஏழாவது என்கிறீர்கள், அவனுக்குக் குறித்து வையுங்கள்.

இன்னொன்று, அவசரம். பதினொன்றுக்குத் தனியார் பள்ளியில் சேர்க்கப் போவதாகச் சொன்னீர்கள். பிள்ளை ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படிப்பவள். பன்னிரண்டு வரை அங்கேயே படித்தால் பொறியியல் கலந்தாய்வில் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு, கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டும். தனியார் பள்ளிக்கு மாற்றினால் அந்த உரிமை போய்விடும். கோச்சிங் வேண்டுமென்றால் சனி ஞாயிறில் தனியாக வைத்துக்கொள்ளலாம். டி.சி. கேட்டு ஏற்கெனவே மனு கொடுத்திருந்தால், திங்கட்கிழமை கடையைத் திறப்பதற்கு முன்னால் பள்ளிக்குப் போய் அதைத் திரும்ப வாங்கிவிடுங்கள் அண்ணாச்சி.